சத்தம் வந்து சேராத வெளிச்சம்

வெள்ளக்கரட்டுல வெளிச்சம் வந்து நின்ன கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க, டவுன்ல இருந்து கேமராவைத் தூக்கிட்டு வந்தவங்க ஒண்ணு சொன்னாங்க, மொதலாளி வீட்டு ஆளுக வேற ஒண்ணு சொன்னாங்க, ஆனா வெளிச்சத்துக்கு உள்ள நின்னது எங்கூடப் பிறந்த அக்கா, வாசல்ல நின்னது நானு, அதனால நான் சொல்றதைக் கேளுங்க, நடுவுல எவனாவது "அதெப்படிம்மா நடக்கும்"னு ஆரம்பிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன். என் பேரு சீனித்தாயி, அக்கா பேரு மாரிக்கனி. சாத்தூருக்கு அங்கிட்டு கரிசக்காட்டுக்குள்ள, பட்டாசு ஆலையை நம்பிக் கஞ்சி குடிக்கிற ஊரு எங்க வெள்ளக்கரடு.

அது ஆவணி மாசம், தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிற நேரம். வெடிமருந்து கலக்குற வேலையை வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிரணும், ஒரு ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு ஆலை வாசல்லயே பெரிய போர்டு வச்சிருப்பாங்க, அந்தப் போர்டுக்கு வருசா வருசம் புது பெயிண்டும் அடிப்பாங்க, ஆனா போர்டைத் தாண்டி உள்ள போயிட்டா அங்க ராஜரத்தினம் மொதலாளி வச்சதுதான் சட்டம். அன்னைக்கு உச்சி வெயில்ல அந்த மருந்து ரூமுக்குள்ள ஏழு பேரு. மருந்து கலக்குற சுந்தரபாண்டி, என் அக்கா, இன்னும் அஞ்சு பேரு. நான் ரெண்டு கொட்டகை தள்ளி, லேபிள் செட்டுக்கு முன்னால வேப்ப மரத்தடியில லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தேன்.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைக நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே இதைப் பழகிரும். வெளிச்சத்தைப் பாத்தா காதைப் பொத்தணும். வெளிச்சம் முன்னால வரும், சத்தம் பின்னால வரும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நேரத்துல ரெண்டு கையைத் தூக்கிக் காதுல வைக்கலாம், அவ்வளவுதான் முடியும்னு எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல. ஓடலாம்னு ஒருத்தருக்கும் தோணினதில்ல. சமைக்கிறவ கரண்டியைப் போட்டுட்டுக் காதைப் பொத்துவா, வாத்தியார் சாக்பீசைப் போட்டுட்டுக் காதைப் பொத்துவாரு, சத்தம் வந்து முடிஞ்சதும் யார் வீட்டு ஆளுன்னு கேட்டுக்கிட்டு எல்லாரும் ஓடுவோம்.

அன்னைக்கும் வெளிச்சம் வந்துச்சு. ஊரே காதைப் பொத்துச்சு. நான் கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டு, வாயைத் திறந்து வச்சுக்கிட்டு, குத்தவச்சு உக்காந்தேன். சத்தம் வரல. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன், கை வலிச்சுச்சு, அப்பவும் சத்தம் வரல. கையை லேசா எடுத்தா ரோட்டுல பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறது கேக்குது, வேப்ப மரத்துல காக்கா கத்துறது கேக்குது, சுத்தி இருக்கிற பொம்பளைக எல்லாம் காதுல கையை வச்சுக்கிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பாத்துக்கிட்டு இருக்கோம்.

எந்திரிச்சுப் போயிப் பாத்தோம். மருந்து ரூம் நெறைய வெளிச்சம். நாலு வாசல்லயும் நிலைப்படி வரைக்கும் வந்து அப்படியே நிக்குது, அதுக்கு மேல ஒரு சாண் நகரல, சூடு இல்ல, புகை இல்ல, அலுமினியப் பவுடர் மாதிரி வெள்ளை வெளேர்னு நிக்குது. உள்ள ஏழு பேரும் இருக்காங்க. என் அக்கா பாதி எந்திரிச்ச மேனிக்கு, ரெண்டு கையும் காதுக்குப் போற வழியில, நிக்கிறா. சேலையில ஒரு பொட்டு கருகல் இல்ல.

"அக்கா"ன்னு கத்திக்கிட்டு நான் பாய்ஞ்சேன், வாட்ச்மேன்தான் இடுப்பைப் பிடிச்சு இழுத்துட்டாரு. அதுக்குள்ள ஆலையில சுத்திக்கிட்டு இருந்த செவலை நாய் ஒரு அணிலைத் துரத்திக்கிட்டு அந்த வாசல்ல பாய்ஞ்சுச்சு. பாய்ஞ்ச நாய் கீழ இறங்கல. முன்னங்கால் ரெண்டும் நீட்டி அந்தரத்துல நின்னுச்சு, அணில் அதுக்கு முன்னால அந்தரத்துல நின்னுச்சு, மறுநாள் வந்து பாத்தப்பவும் அப்படியே நின்னுச்சு, ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா ஒரு விரக்கடை கீழ இறங்கியிருந்துச்சு. அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சது. உள்ள எதுவும் நின்னு போகல, எல்லாம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா நமக்கு ஒரு வாரம் ஆனா அங்க கண் இமைக்கிற நேரம்கூட ஆகல. வெளிச்சம் வந்துருச்சு, சத்தம் வந்துக்கிட்டு இருக்கு. சத்தம் வந்து சேந்துச்சுன்னா ஏழு பேரும் போயிருவாங்க. சத்தம் வர்றதுக்குள்ள நிலைப்படியைத் தாண்டிட்டாங்கன்னா பொழைச்சாங்க.

இது புரிஞ்சதுக்கு அப்புறம் ஊரு அழுகிறதை நிறுத்திட்டு வேலையைப் பாக்க ஆரம்பிச்சது.

மொத வேலை, சத்தத்தைக் கூப்பிடாம இருக்கிறது. சத்தம் சத்தத்தைக் கூப்பிடும்னு யாரோ சொன்னாங்க, யாருன்னு ஞாபகம் இல்ல, சொன்னது எல்லாருக்கும் சரின்னு பட்டுச்சு. அன்னையில இருந்து வெள்ளக்கரட்டுல யாரும் உரக்கப் பேசுறதில்ல. பஸ்காரன் ஊர் எல்லையிலயே எஞ்சினை நிறுத்திட்டு ஆளை இறக்கிவிடுவான். கல்யாணம் மேளம் இல்லாம நடந்துச்சு, மாப்பிள்ளை தாலி கட்டுறப்ப சுத்தி நின்னவங்க உதட்டை மட்டும் அசைச்சோம். மாரியம்மன் பொங்கலுக்குக் கொட்டும் இல்ல, குலவையும் இல்ல, நாக்கு துறுதுறுன்னு வரும், கடிச்சுக்கிட்டு நின்னோம், சாமியாடிக்கு அருள் வந்தப்ப அவரும் ரகசியம் சொல்ற மாதிரி காதுல வந்துதான் குறி சொன்னாரு. புருசன் பொண்டாட்டி சண்டையைக்கூட குசுகுசுன்னு போட்டோம், அப்படிப் போடுறதுல ஒரு சுகமும் இல்லைங்கிறதால சண்டையே கொறைஞ்சு போச்சு. கைப்பிள்ளை அழுகிறதை மட்டும் சத்தக் கணக்குல சேக்கக் கூடாதுன்னு பொம்பளைக எல்லாம் கூடி முடிவு பண்ணினோம்.

அப்புறம் அந்த வெளிச்சத்தோட பொழங்க ஆரம்பிச்சோம். பொழங்காம என்ன பண்றது, நிக்குதுல்ல. பக்கத்துல வத்தல் காயப்போட்டா அரை நாள்ல காயும். அதுக்குப் பக்கத்துக் கோழிக பொழுது அடையுறதே இல்லாம முட்டை போட்டுத் தள்ளுச்சு, சேவக்கோழிக எப்பக் கூவுறதுன்னு தெரியாம கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சது, அதுகளையும் பக்கத்து ஊருக்குக் குடுத்து அனுப்பிட்டோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக வேலியோரமா வரிசையா உக்காந்து படிக்கும். எங்க எல்லாருக்கும் ரெண்டாவதா ஒரு நிழல் விழுந்துச்சு, வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்த நிழல் ஆலைக்கு எதிர்ப்பக்கமாத்தான் விழும், கொஞ்ச நாள்ல அது பழகிப் போச்சு.

சுந்தரபாண்டி பொண்டாட்டி குருவம்மா மதினி தாலியைக் கழட்டணுமா வேண்டாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. அவ மாமியா வீட்டுச் சொந்தத்துல ஒருத்தி வந்து, பூ வைக்காத, பொட்டு வைக்காதன்னு ஆரம்பிச்சா. குருவம்மா மதினி அந்தப் பொம்பளையைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி மருந்து ரூம் வாசல்ல நிறுத்தி, "எம் புருசன் கண்ணு முழிச்சுக்கிட்டுத்தான நிக்கிறாரு, அவரு முன்னால சொல்லு"ன்னா. வந்தவ வந்த வழியே போயிட்டா. மதினி அன்னையில இருந்து முன்னைக்கு ரெட்டிப்பா மல்லிகைப்பூ வச்சா.

மொதலாளியும் சும்மா இல்ல. எங்கிருந்தோ ஒரு பெரிய ஆபீசரைக் கூட்டிட்டு வந்தாரு. அவரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நாலு வாசலையும் சுத்திப் பாத்துட்டு, "இது வெடி விபத்து இல்ல, வெறும் பிளாஷ்"னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாரு. அவ்வளவுதான், மொதலாளிக்கு அந்த வார்த்தை தேன் மாதிரி ஆயிப்போச்சு. சம்பளம் கேட்டுப் போனா வெறும் பிளாஷ், வைத்தியர் யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னா வெறும் பிளாஷ், ஏழு பேரை ஏன் ஒரே ரூம்ல அடைச்சீங்கன்னா அதுக்கும் வெறும் பிளாஷ். அந்த ஒரு வார்த்தையை வச்சு எங்க ஏழு பேரையும் தொடைச்சுப் போடப் பாத்தாரு.

எனக்கு வயிறு எரிஞ்சது. எங்க பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் பெனட்டா, நாகர்கோவில் பக்கத்துக்காரங்க, குருவம்மா மதினி வீட்டு முன்னறையிலதான் குடியிருந்தாங்க. அவங்ககிட்டப் போயி, "டீச்சர், இந்தப் பிளாஷுங்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சு, அதுக்கு அப்பன் ஆத்தா யாரு, சொல்லுங்க"ன்னு கேட்டேன். பட்டாசுப் பெட்டியில ஆயிரம் தடவை அந்த எழுத்தை ஒட்டியிருக்கேன், அர்த்தம் ஒரு நாளும் கேட்டதில்ல. டீச்சர் தலகாணி தண்டிக்கு ஒரு அகராதியை எடுத்து மடியில வச்சாங்க. நாங்க பத்துப் பதினஞ்சு பேரு சுத்தி உக்காந்தோம்.

"இதுக்கு அப்பனும் இல்ல, ஆத்தாவும் இல்ல சீனித்தாயி, சத்தத்துல இருந்து பிறந்த வார்த்தைன்னு போட்டிருக்கு" அப்படின்னாங்க. "மொதல்ல இது வெளிச்சமே இல்ல. தண்ணி கல்லுல வந்து அடிக்கிறதுக்குத்தான் இந்தப் பேரு இருந்திருக்கு. அதுக்கு ரொம்பக் காலம் கழிச்சுத்தான் மின்னுறதுக்கும் தீ பளிச்சுங்கிறதுக்கும் வந்திருக்கு. அப்புறம் பகட்டுக்கு ஒரு அர்த்தம். திருடங்க தங்களுக்குள்ள பேசிக்கிற பாஷைக்கும் இதே பேரு."

"அது மொதலாளிக்குப் பொருத்தமா இருக்கு"ன்னு குருவம்மா மதினி சொல்ல, சிரிப்பு வந்து எல்லாரும் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டோம்.

டீச்சர் பக்கத்தைத் திருப்பினாங்க. "பழைய காலத்துத் துப்பாக்கி ஒண்ணு உண்டு. வெளிய சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தட்டுல கொஞ்சம் மருந்து வைப்பாங்க. அது பளிச்சுனு பத்தி, உள்ள இருக்கிற பெரிய மருந்தைப் பத்த வைக்கும், குண்டு பாயும். சில நேரம் தட்டுல இருக்கிற மருந்து மட்டும் பத்தும், உள்ள பிடிக்காது, குண்டு பாயாது. அதுக்கும் இந்த வார்த்தைதான். ஒண்ணுத்துக்கும் உதவாத காரியம், ஏமாத்தம்னு வெள்ளக்காரன் அதைக் கேலியாச் சொல்லுவான்."

அப்புறம் என் அக்கா வீட்டுக்காரரு வேல்ச்சாமி மச்சான், நாளு பூரா வாயைத் திறக்காத மனுசன், சொவத்துல சாய்ஞ்சிருந்தவரு நிமிந்து உக்காந்து, "டீச்சர், அந்தத் துப்பாக்கிக்கு முன்னால நின்னவன் என்ன ஆனான்"னு கேட்டாரு.

"பொழைச்சிருப்பான்" அப்படின்னாங்க டீச்சர்.

"அப்பக் கேலி பண்ணினது துப்பாக்கி வச்சிருந்தவன்" அப்படின்னாரு மச்சான். "முன்னால நின்னவன் பண்ணியிருக்க மாட்டான்."

அன்னையில இருந்து மொதலாளி ஆளுக எவனாவது வெறும் பிளாஷுன்னா, "ஆமாய்யா, பிளாஷுதான், குண்டு பாயாது, பாயவும் விட மாட்டோம்"னு நாங்க சொல்ல ஆரம்பிச்சோம். அவன் எங்களை அடிக்கக் கொண்டுவந்த கம்பை நாங்க பிடுங்கி வச்சுக்கிட்டோம்.

தீபாவளி நெருங்குச்சு. நாங்க கூட்டம் கூட்டமாக் கெளம்பிச் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போயி, இந்த வருசம் ஒரு ஓலைவெடிகூட வெடிக்காதீங்கன்னு வாசல் வாசலாக் கேட்டோம். பட்டாசு செய்யிற ஊர்க்காரங்களே வந்து வெடிக்காதீங்கன்னு கேட்டா சிரிக்கத்தான் செய்வாங்கன்னு பயந்துக்கிட்டே போனோம். ஒருத்தரும் சிரிக்கல. எந்த ஊர்லதான் ஆலைக்கு ஆளைப் பறிகுடுக்காத வீடு இருக்கு. அந்தத் தீபாவளிக்கு எங்க சீமையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சோம், கறி எடுத்துச் சமைச்சோம், வெடி மட்டும் இல்ல, அப்படி ஒரு அமைதியில பக்கத்து வீட்டு அடுப்புல தோசை ஊத்துறதுகூட எங்களுக்குக் கேட்டுச்சு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அடைமழை பிடிச்சு இடி இடிச்சப்ப ஊரே குலை நடுங்கிப் போயி ஆலை வாசலுக்கு ஓடுனோம். வெளிச்சம் அசையல. இடி வேற சாதி, வெடி வேற சாதின்னு தெரிஞ்சுக்கிட்டோம். அது தன் சாதிச் சத்தத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு.

நான் தினமும் வேலை மாதிரி அந்த வாசலுக்குப் போவேன். கார்த்திகையில அக்கா கை ரெண்டும் காதைத் தொட்டுருச்சு. அதைப் பாத்து அன்னைக்கு நான் அழுத அழுகை கொஞ்ச நஞ்சம் இல்ல. ஓடுறதுக்கு வாசல் இருக்கு, கால் இருக்கு, பாழாப்போன கை மட்டும் பழக்கத்துல காதுக்குப் போகுது. நிலைப்படியில உக்காந்து, "பொத்தாத, ஓடியா, பொத்தாத, ஓடியா"ன்னு ஒரே சொல்லைச் சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் போனா குருவம்மா மதினி வருவா, அவ போனா அடுத்தவ வருவா. இன்னைக்குச் சொன்ன சொல்லு உள்ள போயிச் சேர எத்தனை நாளாகுமோ, சேந்தா அது சொல்லாவே இருக்குமோ, யாருக்குத் தெரியும். ஆனா மாசியில அக்கா கை காதை விட்டு விலகியிருந்துச்சு. பங்குனியில முகம் எங்க பக்கம் திரும்பியிருந்துச்சு, ஒரு கால் தரையை விட்டு மேல எழும்பியிருந்துச்சு. நான் ஊருக்குள்ள ஓடிப்போயி, "அக்கா வர்றா"ன்னு ஒவ்வொரு வீட்டுக் கதவுலயும் தலையை நீட்டி ரகசியமாச் சொல்லிட்டு வந்தேன்.

சித்திரையில மொதலாளிக்குப் பொறுமை போயிருச்சு. புது சீசனுக்கு ஆலையைத் திறக்கணும், வெளிச்சம் நிக்கிற வரைக்கும் ஒரு பொம்பளையும் உள்ள வேலைக்கு வர மாட்டேங்குறா. ஒரு நாள் காலையில நாலஞ்சு ஆளுகளோட வந்து எறங்கினாரு. வெடிச் சத்தம் கேட்டா வெளிச்சமும் வெடிச்சு முடிஞ்சிரும்னு, மருந்து ரூம் செவுத்தோரமாப் பெரிய அணுகுண்டு வெடியெல்லாம் கட்டி அடுக்கி, அதுல இருந்து ஒயரை இழுத்து, கேட்டுக்கு வெளிய ஒருத்தன் கையில பொத்தானைக் குடுத்துட்டாரு.

ஊரு கூடிருச்சு. மொதலாளி என்னைப் பாத்துத்தான் பேசினாரு, நான்தான் ஊர்லயே வாயாடின்னு அவருக்குத் தெரியும்.

"ஏம்மா சீனித்தாயி, செத்தவங்களை வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்கு வம்பு பண்ணுவீங்க? அமுக்குனா ஒரு நொடியில முடிஞ்சிரும். உங்களுக்குச் சேர வேண்டியதை நான் குடுத்துடுறேன், அவங்கவங்க ஆளை எடுத்து அடக்கம் பண்ணிக்கோங்க."

"நேத்து வரைக்கும் வெறும் பிளாஷுன்னீங்களே மொதலாளி" அப்படின்னேன். "வெறும் பிளாஷுல எப்படிச் சாவாங்க? செத்தாங்கன்னா வெடிச்சுச்சுன்னு ஒத்துக்கோங்க. வெடிக்கலைன்னா உசுரோட இருக்காங்கன்னு ஒத்துக்கோங்க. உங்க வாய்க்குள்ள ரெண்டுக்கும் இடம் இருக்கலாம், எங்களுக்கு ஒண்ணுதான்."

உள்ள நிக்கிற ஒரு பையனோட அப்பா, பாவம், கூட்டத்துக்குள்ள இருந்து முன்னால வந்து, "எனக்கு எம் பையன் முகத்தை ஒரு தடவை தொட்டுப் பாத்தாப் போதும் தாயி, இதுக்கு மேல என்னால வாசல்ல நிக்க முடியல"ன்னு சொன்னாரு. அவரை என்னன்னு சொல்றது. குருவம்மா மதினி அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, "தொட்டுப் பாக்கலாம் மாமா, சூடா இருக்கிறப்பவே தொட்டுப் பாக்கலாம், நாங்க போயிக் கூட்டிட்டு வர்றோம்" அப்படின்னா.

அவ சொன்னதுக்கு அப்புறம்தான் நாங்க எல்லாரும் மனசுக்குள்ள வச்சிருந்தது இதைத்தான்னு எனக்குத் தெரிஞ்சது. உள்ள போறவ செவலை நாய் மாதிரி ஆயிருவா. ஒரு எட்டு எடுத்து வைக்கிறதுக்குள்ள வெளிய வருசம் ஓடிரும். எம் மக பவுனு அப்பத்தான் ஒண்ணாப்புக்குப் போய்க்கிட்டு இருந்தா. அவ அவங்க அப்பா கருத்தப்பாண்டி தோள்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அவரு என்னைப் பாத்தாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்கிட்ட ஒரு விசயத்தை முழுசா ஒத்துக்கிட்டதில்ல அந்த மனுசன். "போ"ன்னாரு. "இவளுக்குத் தலை சீவத் தெரியாதே எனக்கு"ன்னு மட்டும் சொன்னாரு. "கத்துக்கோங்க"ன்னேன்.

மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முறை இருக்கு. வளையலைக் கழட்டி வச்சேன், மெட்டியைக் கழட்டி வச்சேன், கொண்டை ஊசியை உருவிப் போட்டேன், செருப்பை விட்டேன், ஒடம்பு மின்சாரம் எறங்க வாசல்ல பதிச்சிருக்கிற செம்புத் தகட்டுல உள்ளங்கையை வச்சு எடுத்தேன், தெனம் வேலைக்குப் போறவ எப்படிப் போவாளோ அப்படி. எனக்குப் பின்னால குருவம்மா மதினி. "தாலி?"ன்னு எவளோ கேட்டா. "மஞ்சக் கயித்துல தீப்பொறி பறக்காது, நீ நட"ன்னா. அவளுக்குப் பின்னால லேபிள் செட்டுக்காரிக, திரி வெட்டுறவளுக, பெட்டி ஒட்டுறவளுக, வேலை செய்யத் தெரிஞ்ச அத்தனை பொம்பளைகளும், ஒருத்தி பின்னால ஒருத்தியா.

"ஏய், நில்லுங்க, பைத்தியமா உங்களுக்கு"ன்னு மொதலாளி கத்தினாரு.

நான் திரும்பிச் சொன்னேன், பல மாசத்துக்கு அப்புறம் தொண்டையைத் திறந்து சொன்னேன்: "அமுக்குறதா இருந்தா அமுக்குங்க. ஏழு பேரை வெறும் பிளாஷுன்னு சொன்னீங்க. ஒரு ஊரை என்னன்னு சொல்லுவீங்கன்னு பாப்போம்." சொல்லிட்டு நிலைப்படியைத் தாண்டினேன்.

உள்ள ஒண்ணும் இல்லைங்க. சூடு இல்ல, குளிர் இல்ல. நாய் குரைச்சுக்கிட்டே என் காலுக்கு நடுவுல பூந்து ஓடுச்சு. அக்கா வேகமா என் பக்கம் வந்துக்கிட்டு இருந்தா. அவ கையைப் பிடிச்சேன், கை பூரா வெள்ளி மருந்து, வெதுவெதுன்னு இருந்துச்சு. "ஏ, உனக்கு இங்க என்னடி வேலை, நீ லேபிள் செட்டுலதான இருக்கணும்"னா. அத்தனை மாசம் வாசல்ல தவம் கெடந்த எனக்குக் கெடைச்ச மொதப் பேச்சு அதுதான். "பேசாம ஓடுடி"ன்னேன். குருவம்மா மதினி சுந்தரபாண்டி அண்ணனைச் சட்டையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்தா, அடுத்தவ அந்தப் பையனை இழுத்தா, ஆளுக்கு ஒருத்தரைப் பிடிச்சு வந்த வாசல்லயே வெளிய விழுந்தோம். அவ்வளவுதான். அரைக் குடம் தண்ணி எறைக்கிற நேரம்கூட ஆகல.

வெளிய வந்தா ஆலையைக் காணோம். கருவேல மரம் காடா மண்டிக் கெடக்கு, அதுக்கு நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை மட்டும் மருந்து ரூம் வாசலுக்கு வருது, தெனம் யாரோ நடந்து நடந்து தேய்ஞ்ச பாதை. பாதை ஓரத்துல ஆம்பளைக உக்காந்திருக்காங்க, தலையெல்லாம் நரைச்சுப் போயி. ஒன்பது வருசம். பொத்தானைப் பிடிச்சிருந்தவன் அன்னைக்கே அதைக் கீழ வச்சுட்டுப் போயிட்டானாம், வேற எவனும் அமுக்க வரலையாம். அந்த ஒன்பது வருசமும் எங்க ஆம்பளைக சோறு பொங்கி, பிள்ளைகளுக்குப் பேன் பாத்து, ஒரு சத்தம் இல்லாம ஊரைக் காத்திருக்காங்க. வேல்ச்சாமி மச்சான் அக்காவைப் பாத்துட்டு வாயைத் திறந்தாரு, காத்து மட்டும்தான் வந்துச்சு, கத்துறது எப்படின்னு மறந்து போயிருந்தாரு மனுசன்.

பள்ளிக்கூடத்துச் சீருடையில நெடுநெடுன்னு ஒரு பிள்ளை, ரெட்டைச் சடை போட்டு, எம் முன்னால வந்து நின்னா. சடை ஒரு பக்கம் கோணலா இருந்துச்சு. "நீங்கதான் எங்க அம்மாவா"ன்னு கேட்டா. அவ பெரிய மனுசி ஆகி, சடங்கு முடிஞ்சு, தாய்மாமன் சீர் எல்லாம் வந்து போயி, ஒண்ணுத்துலயும் நான் இல்ல. அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நான் அழுதேன், அதுல வருத்தம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், எம் மக ஒன்பது வருசத்தை எவனும் எனக்குத் திருப்பித் தர முடியாது. ஆனா திரும்பவும் அந்த வாசல் முன்னால நிறுத்தினா திரும்பவும் போவேன்.

சுந்தரபாண்டி அண்ணன்தான், "எல்லாரும் தள்ளுங்க, தள்ளுங்க"ன்னு ஞாபகப்படுத்தினாரு. ஓடை வரைக்கும் ஓடினோம். பின்னால வெளிச்சம் மட்டும் நின்னுச்சு, உள்ள ஒரு உசுரு இல்லாம. அப்புறம் சத்தம் வந்துச்சு. இத்தனை வருசம் வழியில கெடந்த சத்தமாச்சே, பூமி குலுங்குச்சு, ஓடைத் தண்ணி மேல எழும்பி அடிச்சுச்சு, கல்லும் மண்ணும் எங்க தலைக்கு மேல பறந்துச்சு. ஒரு ஆளுகூடக் காதைப் பொத்தல. மறுநாள் வந்த ஆபீசரு எத்தனை பேரு செத்தாங்கன்னு கேட்டாரு, ஒருத்தரும் இல்லைன்னோம், அவரு நம்பாம எங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சுப் பாத்தாரு.

அன்னைக்குச் சத்தம் அடங்குனதுமே மொதலாளியைப் பத்தி விசாரிச்சேன். எங்க ஊரு ஒத்துவராதுன்னு அடுத்த ஊர்ல மருமகன் பேர்ல ஆலை போட்டிருக்காருன்னு பவுனு சொன்னா. "நல்லா ஓடுதாம்மா. ஒரு ரூமுக்குப் பத்துப் பேராம்."

அக்கா அப்ப ஓடைக் கரையில உக்காந்து சேலையில ஒட்டியிருந்த மருந்தைத் தட்டிக்கிட்டு இருந்தா. அவளுக்கு ஒன்பது வருசமும் தெரியாது, அதுக்கு முன்னால ஓடுன எட்டு மாசமும் தெரியாது, அவளுக்கு இது அதே ஆவணி மாசத்து மத்தியானம், இன்னும் சாப்பிடக்கூட இல்ல. நான் சொன்ன கதை பூராவும் கேட்டா. வேல்ச்சாமி மச்சான் தட்டுல சோறு போட்டு நீட்டினாரு. நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு, கையைக் கழுவிட்டு எந்திரிச்சா.

"எத்தனை மணி?"

"ஒண்ணரை"ன்னா பவுனு.

"அப்ப வெயில்லதான் கலக்கிக்கிட்டு இருப்பாங்க. வாங்க போவோம்."

"சாப்பிட்டு முடிச்சுட்டுப் போ புள்ள"ன்னு மச்சானுக்கு அப்பத்தான் குரல் திரும்பி வந்துச்சு.

"வந்து சாப்பிடுறேன்"னு சொல்லிட்டு அக்கா நடக்க ஆரம்பிச்சா. ஏழு பேரும் போனாங்க, நாங்க அத்தனை பொம்பளைகளும் போனோம், பவுனு என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. அந்த ஆலை கேட்டுலயும் புது பெயிண்ட் அடிச்ச போர்டு இருந்துச்சு. வாட்ச்மேன் எந்திரிச்சு, யாரும்மா நீங்க, உள்ள வேலை நடக்குது, யாரைப் பாக்கணும்னு கேட்டான்.

"உள்ள இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்"னா அக்கா. "வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி."

அவன் சாவியைத் தேடுறதுக்குள்ள அவ கேட்டைத் தள்ளிட்டா.